ஆறு பத்துக்கு வரும் நிலையம்

பதினோராம் நாள் குறிப்பில் ஒரு வரி அதிகமாக இருந்தது.

அவள் கோர்ட்டில் சுருக்கெழுத்தர். இருபத்திரண்டு வருஷமாகச் சாட்சிகள் சொன்னதையெல்லாம் கோடும் வளைவும் புள்ளியுமாக எழுதிய கை. யார் அழுதாலும், யார் கூசாமல் பொய் சொன்னாலும், வக்கீல்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினாலும், அந்தக் கை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும். என்ன எழுதினோம் என்பது மறுநாள் தட்டச்சு செய்ய உட்காரும்போதுதான் அவளுக்கே தெரியும். காது கேட்கும், கை எழுதும், மனசு மட்டும் வீட்டில் சர்க்கரை இருக்கிறதா தீர்ந்துவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்கும். ரேடியோவின் முன்னாலும் அதே கைதான் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அதனால்தான், முந்தின நாள் சாயங்காலம் எழுதியதைக் காலையில் காபியோடு படித்தபோது, எங்கேயோ கடலில் புயல் என்ற செய்திக்கும் யாரோ பாடிய பாட்டுக்கும் நடுவே கிடந்த அந்த வரி அவளுக்குப் புதிதாக இருந்தது.

‘நாற்காலி பின்னால் நகர்கிறது. பெண் இருமுகிறாள், இரண்டு முறை. வலிமை மூன்று.’

ரேடியோவைக் கொடுத்தது தம்பி. ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஊரில் உள்ள ஃப்ரிட்ஜையெல்லாம் சரிபண்ணுவான், அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் மட்டும் என்றைக்கும் குளிராது. பதினைந்து வருஷமாகச் சிற்றலை ரேடியோ கேட்கிறவன். வெயில் இறங்கிவிட்டால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து வரும் கரகரப்புக்குக் கண்ணை மூடித் தலையாட்டுவான், புரியாத மொழி என்றால் இன்னும் பலமாக ஆட்டுவான். மாமா போய் எட்டு மாதமாகியும் அக்கா வேலை விட்டு வந்ததும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ரேடியோ ஒன்றையும் இரண்டு சுருள் ஒயரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“எனக்கு எதுக்குடா இது?”

“சும்மா கேளுக்கா. கேட்டத எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பு. ஆமா, நீ கேட்டது எங்களத்தான்னு ஒரு அட்டை அனுப்புவாங்க.”

“ஒரு அட்டைக்கா இத்தன பாடு?”

“உனக்குப் புரியாது. எங்கேயோ ஒருத்தன் பேசுறான். அது நமக்குக் கேட்டுச்சுன்னு அவனுக்குத் தெரியணும்ல?”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

கூடத்து ஜன்னலோர மேஜையில் ரேடியோவை வைத்தான். ஒரு ஒயரை ஜன்னல் வழியாக எதிர் மரத்துக்கு இழுத்துக் கட்டினான். அது ஏரியல். இன்னொன்று எர்த், அதற்கு மண்ணுக்குள் இறங்குகிற இரும்புக் குழாய் வேண்டும் என்றான். அப்படி ஒரு குழாய் இருந்தது கூடத்தை ஒட்டிய குளியலறையில் மட்டும்தான். அதை அவள் எட்டு மாதமாகப் புழங்குவதில்லை. குளிக்கப் போவது பின்பக்கம் இருக்கிற சின்னதுக்குத்தான்.

“வேண்டாம்னா விட்டுரலாம்க்கா.”

“கட்டுடா. குழாய் என்ன பண்ணுச்சு, பாவம்.”

பச்சை ஒயர் குளியலறைக் கதவுக்கு அடியில் நுழைந்து போயிற்று.

அப்புறம் பாடம் நடந்தது. சூரியன் விழுகிற அரை மணி நேரத்தைத் தவற விடக்கூடாது; பகலின் நிலையங்கள் போவதற்குள் இரவின் நிலையங்கள் வந்துவிடும், இரண்டும் கிடைக்கும். வீட்டில் எல்லா விளக்கையும் சார்ஜரையும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுகளின் இரைச்சல்தான் கேட்கும். நேரத்தை உலக நேரத்தில் எழுத வேண்டும். நம் நேரத்துக்கும் அதற்கும் எத்தனை மணி வித்தியாசம் என்று ஒரு சீட்டில் எழுதி ரேடியோவின் தலையில் ஒட்டினான். குரல் எவ்வளவு பலமாக வருகிறது என்று ஐந்துக்கு மார்க் போட வேண்டும். “ஒண்ணுன்னா இருக்கா இல்லியான்னே தெரியாது. அஞ்சுன்னா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி.”

சும்மா சொல்லக்கூடாது, பிடித்துத்தான் போயிற்று. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஜன்னல் சட்டத்தில் வெளிச்சம் செங்கல் நிறத்திலிருந்து சாம்பலாக வடிவதைப் பார்த்தபடி, சூடேறும் ரேடியோவிலிருந்து வரும் பழைய தூசியின் வாசனையில், குமிழைத் தலைமுடி அளவுக்குத் திருப்பத் திருப்ப, மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் சிரிப்பதும், ஒரு மணி அடிப்பதும், யாரோ யாரிடமோ ஏதோ மன்றாடுவதும் மேலே வந்து மறுபடி முங்கிப்போவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கை இருட்டிலேயே எழுதும். அந்த அரை மணி நேரம் அவளுக்குத் தன்னைப் பற்றிய நினைப்பே இருக்காது. அதற்காகவே அவள் மறுநாள் சாயங்காலத்துக்காகக் காத்திருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் மாஸ்டர். எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாத மனுஷன். பல்லி வாலை விட்டுவிட்டுப் போயிருந்தால் கூப்பிடுவார், சுவரில் ஈரம் குதிரை மாதிரி படர்ந்திருந்தால் கூப்பிடுவார், பக்கத்து வீட்டுப் பூனை தும்மினால்கூடக் கூப்பிடுவார். “இங்க பாரேன்!” அவளைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டதே கிடையாது, அதுதான் அவள் பேர். ஒரு நாளைக்கு முப்பது தடவை எழுந்து எழுந்து போக யாரால் முடியும்? உட்கார்ந்த இடத்திலிருந்தே “வரேன் இருங்க” என்று சொல்லப் பழகிவிட்டாள்.

அவர் போன அன்றைக்கு, மறுநாள் கொடுத்தாக வேண்டிய வாக்குமூலம் ஒன்றை ஒலிப்பதிவிலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள், காதில் ஹெட்ஃபோனோடு. நாலு மணிக்கு மேல் அவர் முகம் கழுவப் போனார். ஐந்தேகாலுக்குத்தான் அவள் போய்ப் பார்த்தாள். யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னாள்: காதில் அது இருந்தது, ஒன்றுமே கேட்கவில்லை. கூப்பிட நேரமே இருந்திருக்காதும்மா, நொடியில் போயிருப்பார் என்றார் டாக்டர். எல்லோரும் நம்பினார்கள். அவளோ எட்டு மாதமாக அதை மட்டுமே நினைத்தாள். கூப்பிட்டார் என்றால் எத்தனை தடவை? என்ன சொன்னார்? அது தெரிந்தால் போதும், அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்றிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்த உலக நேரத்தோடு சீட்டில் இருந்த மணியைக் கூட்டிப் பார்த்தாள். ஆறு பத்து. முந்தின நாள் ஆறு பத்துக்கு இருமினோமா? இருமியிருக்கலாம். ஏதோ நாடகம் என்று காபியைக் குடித்து முடித்தாள்.

அன்று சாயங்காலம் குமிழை அந்த இடத்துக்கே திருப்பிவைத்துக் காத்திருந்தாள். இரண்டு பெரிய நிலையங்களுக்கு நடுவே நூல் கோக்கிற அளவு இடம். சரியாக ஆறு பத்துக்கு இரைச்சல் விலகியது. கோர்ட்டில் சாட்சியின் பெயரை வாசலில் நின்று கூப்பிடுகிறவர்களுக்கு இருக்குமே, விருப்போ வெறுப்போ இல்லாத குரல், அப்படி ஒன்று. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அது நிதானமாக வாசித்தது. கை எழுதியது. நடுவில் பென்சில் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து தடவி எடுத்துக்கொண்டாள். ஆறரைக்கு நிலையம் முங்கியதும் டார்ச்சை அடித்து நோட்டைப் பார்த்தாள்.

‘பென்சில் விழுகிறது. பெண் குனிகிறாள். வலிமை நான்கு.’

தம்பிக்குப் போன் போட்டாள்.

“எவனாவது விளையாடுவான்க்கா. எல்லார் வீட்லயும் பென்சில் விழும், எல்லாரும்தான் இருமுறாங்க.”

“நான் குனிஞ்சது அவனுக்கு எப்படிடா தெரியும்?”

“விழுந்தா குனிஞ்சுதானே எடுக்கணும்? பயமா இருந்தா எர்த் ஒயர உருவிடு. பாதி ஸ்டேஷன் தானா போயிடும்.”

உருவிவிடலாம் என்றுதான் இருந்தாள். மறுநாள் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு உருவிவிடலாம் என்று உட்கார்ந்தாள்; அதுதான் அவள் செய்த தப்பு.

‘ஆண் குரல். குளியலறை. அழைக்கிறது. பதில் இல்லை. வலிமை ஒன்று.’

இந்தத் தடவை கை எழுதும்போதே மனசும் கேட்டது. ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கழற்றினாள். வீடு நிசப்தமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் போயிற்று. குளியலறைக் கதவுக்கு அடியில், கடைசி வெளிச்சத்தில், பச்சை ஒயர் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒன்றும் இல்லை. காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும். பயமாக இருந்தது, அதே நேரத்தில் அழுகையும் வந்தது, ஏனென்றால் அவர் இருக்கிறார், கூப்பிடுகிறார், அவளுக்குத்தான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒயரை எப்படி உருவுவாள்?

தினமும் ஆறு பத்து. ஆண் குரல், குளியலறை, அழைக்கிறது. வலிமை இரண்டு. நான்கு நாள் கழித்து மூன்று. “என்னங்க?” என்று கூடத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். மறுநிமிஷமே அந்தக் குரல் ஹெட்ஃபோனில் வாசித்தது: ‘பெண் பதில் சொல்கிறாள். ஆணுக்குக் கேட்கவில்லை.’ அன்று ராத்திரி முழுக்க அவள் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாள்.

வேலை கெட்டது. ஒரு நாள் பட்டப்பகலில், ஜன நெரிசலில், ஃபேன் ஓடுகிற கோர்ட் ஹாலில், ஒரு கிழவர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். நீதிபதி நிறுத்தி, “கடைசி பதில வாசிங்கம்மா” என்றார். அவள் எழுந்து நோட்டைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். நான்கு பக்கத்துக்கு அவள் கை எழுதியிருந்தது அந்தக் கிழவர் சொன்னதை அல்ல. ‘ஆண் குரல். அழைக்கிறது. பதில் இல்லை. ஆண் குரல். அழைக்கிறது. பதில் இல்லை.’

“உடம்பு சரியில்லயாம்மா? வீட்டுக்குப் போங்க” என்றார் நீதிபதி, நல்ல மனுஷன்.

வீட்டுக்குத்தான் வந்தாள். விளக்கை அணைத்தாள். உட்கார்ந்தாள்.

அன்று அந்தக் குரல் முதலில் ஒரு தேதியை வாசித்தது. எட்டு மாதத்துக்கு முந்தின தேதி. அவளுக்கு மனப்பாடமான தேதி.

‘நான்கு பத்து. குழாய் திறக்கப்படுகிறது. நான்கு பன்னிரண்டு. கனமான ஒன்று விழுகிறது. நான்கு பதின்மூன்று. ஆண் குரல். அழைக்கிறது. பெண்ணுக்குக் கேட்டது.’

கை நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நின்றது.

‘பெண் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள்.’

யாரிடமும் சொல்லாதது. தம்பியிடம் இல்லை, டாக்டரிடம் இல்லை, ராத்திரி தலையணையிடம்கூட இல்லை. ஆமாம், கேட்டது. மெலிசாக, ஒரு தடவை, இங்க பாரேன் என்று. இன்னொரு பல்லி என்று நினைத்தாள். கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று வாய்க்குள் முனகிவிட்டு இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

குரல் நிறுத்தவில்லை. நான்கு பதினான்கு, ஆண் குரல், பதில் இல்லை. நான்கு பதினைந்து, ஆண் குரல், பதில் இல்லை. நிமிஷம் நிமிஷமாக. நொடியில் போகவில்லை அவர். ஐந்து பன்னிரண்டு வரைக்கும் கூப்பிட்டிருக்கிறார். கை மறுபடி எழுத ஆரம்பித்திருந்தது. ஆறு பக்கம். கண்ணீர் விழுந்து விழுந்து காகிதம் கிழிந்தது, கிழிசலின் மேலேயும் எழுதியது.

முடிந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள். “கேட்டுச்சுடா. அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு.”

“அக்கா, நாளைக்கு வேலைய முடிச்சுட்டு நேரா வரேன். நீ அந்தப் பொட்டியத் தொடாத. புரியுதா? தொடாத.”

“சரிடா” என்றாள்.

மறுநாள் ஆறு மணிக்கு ரேடியோவைப் போட்டாள். அது ஓடாவிட்டால் அவர் வராமல் போய்விடுவாரோ என்று பயம். ஹெட்ஃபோனை மேஜைமேலேயே விட்டாள். இனி இன்னொருவர் வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கூடத்திலிருந்து சொன்னால் அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதானே? கிட்டப் போய்ச் சொல்லலாம். எட்டு மாதம் தாமதமாக, வந்துட்டேன் என்று சொல்லலாம்.

டார்ச்சை எடுத்துக்கொண்டாள். குளியலறைக் கதவைத் திறந்தாள். அடைபட்ட ஈரத்தின் வாசனை. காய்ந்த சோப்பு. அவருடைய சவரப் பிரஷ் அப்படியே இருந்தது. உள்ளே போய் மூலையில், குழாய்க்குக் கீழே, தரையில் உட்கார்ந்தாள். டைல்ஸ் சில்லென்றிருந்தது. கதவு தானாக மெல்லச் சாத்திக்கொண்டது. டார்ச்சை அணைத்தாள்.

“சொல்லுங்க. வந்துட்டேன்.”

ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

இருட்டு. டைல்ஸ் சுவர். மூச்சு.

அவள் மூச்சு மட்டும் இல்லை.

“இங்க பாரேன்.”

தரையோடு தரையாக. ஒரு கை தூரத்தில். நாக்கு தடித்த, பாதி வாய் திறக்காத குரல். ஆனாலும் அவருடையது. அவளுக்கு உடம்பெல்லாம் பயம், உடம்பெல்லாம் சந்தோஷம்.

“இங்கதான் இருக்கேங்க. பக்கத்துலதான் இருக்கேன்.”

“இங்க பாரேன்.”

“பார்க்கறேங்க. என்ன வேணும், சொல்லுங்க.”

“இங்க பாரேன்.”

அதே ராகம். அதே இடைவெளி. அவள் பேசியதற்கு அது நிற்கவே இல்லை.

வாசல் கதவு திறந்தது. மாற்றுச் சாவி. தம்பியின் செருப்புச் சத்தம். “அக்கா?”

“இங்கடா! உள்ள இருக்கேன்!”

“அக்கா? எங்க போனா இவ…” நடை கூடத்தைச் சுற்றி வந்தது. நின்றது. “இந்தப் பொட்டியத் தொடாதன்னு சொன்னேன்ல.” நாற்காலி நகர்ந்தது.

கத்தினாள். கைப்பிடியை எட்டிப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. தள்ளினாள். அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம், பத்தடியில், தம்பி ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொண்டே, தனக்குத்தானே சொல்லிப்பார்த்துக்கொண்டிருந்தான். ஹெட்ஃபோன் மாட்டியவர்கள் பேசுகிற மாதிரி, சத்தமாக.

“ஆண் குரல்… அழைக்கிறது. பெண் குரல்… அழைக்கிறது. பதில்… இல்லை.”

“டேய்! நான்தான்டா!”

“பெண் குரல்… அழைக்கிறது. பதில்… இல்லை. வலிமை… ஒண்ணு. சே, முங்குது.”

டார்ச்சைத் தேடினாள். அழுத்தினாள்.

கதவு ஏன் திறக்கவில்லை என்று தெரிந்தது. அவர் அதன்மேல் சாய்ந்திருந்தார். ஈரச் சட்டை. நரைத்த பிடரி. ஒரு பக்கம் செத்துப்போன உடம்பு. அசைகிற ஒரே கையைக் கதவில் விரித்து ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நகங்கள் தேய்ந்து சதைக்குள் போயிருந்தன. அவள் மண்டியிட்டு அவர் முதுகில் முகத்தை வைத்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். காதுக்குள்ளேயே வாயை வைத்துச் சொன்னாள், இங்கதான் இருக்கேங்க, திரும்புங்க, இங்கதான் இருக்கேன்.

அவர் திரும்பவில்லை. அவர் கூடத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க பாரேன்” என்றார், அவளை எதிர்பார்த்து.